படகில் மோட்டார் சரியான உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதா? கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழிமுறை

ஃபைபர் படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் வைத்து ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மோட்டார் அலறுகிறது, வேகம் வரவில்லை, எண்ணெய் (எரிபொருள்) அதிகமாகக் குடிக்கிறது என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் கார்ப்பரேட்டரைக் கழற்றுகிறார்கள், அப்புறம் புரொப்பல்லரை மாற்றுகிறார்கள், அதிலும் சரியாகாவிட்டால் மோட்டாரே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பின்பலகையில் மோட்டார் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு முழக்கோல் வைத்துப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. காசு செலவில்லாமல் கரையிலேயே பார்த்துவிடக்கூடிய விஷயம் இது, அதனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் கரையில் இந்தக் கோளாறு அடிக்கடி வருவதற்குக் காரணமும் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் ஒரேயடியாகப் பெருகின. படகு கட்டும் ஒவ்வொரு யார்டும் தன் அச்சில், தன் கணக்கில் பின்பலகை உயரத்தை வைத்தது. மோட்டாரோ குறிப்பிட்ட சில நீளங்களில் மட்டும்தான் வருகிறது. ஒரு படகில் இருந்த மோட்டாரைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவதும் சகஜம். பழைய படகில் கச்சிதமாக இருந்தது புதியதில் இரண்டு இஞ்ச் மேலேயோ கீழேயோ போய்விடும், மாட்டியவருக்குத் தெரியவே தெரியாது.

முதலில் அளந்துவிடுங்கள்

கோளாறு என்னவாக இருந்தாலும் இந்த அளவு கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். படகைக் கரையில் ஆடாமல் நிறுத்துங்கள். புரொப்பல்லருக்கு நேர் மேலே, கியர் பாக்ஸோடு சேர்ந்து இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான தட்டு ஒன்று இருக்கும், மெக்கானிக்குகள் கேவிடேஷன் பிளேட் என்பார்கள். மேலே இருக்கும் காற்றைப் புரொப்பல்லர் உறிஞ்சிக்கொள்ளாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அந்தத் தட்டு படகின் அடிப்பாகத்துக்கு இணையாக வரும்படி மோட்டாரை நிறுத்துங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு நேரான சட்டம் ஒன்றை எடுத்து, படகின் அடியில், நடுக்கோட்டை ஒட்டி வைத்து, பின்பக்கம் மோட்டார் வரை நீட்டுங்கள். சட்டத்துக்கும் தட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, தட்டு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தட்டு அடிப்பாகத்தின் மட்டத்தில் இருக்கலாம், அதற்குக் கீழே 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு இஞ்ச் வரை போகலாம். யமஹா சிறிய மோட்டார்களின் கையேட்டில் இந்த 0 முதல் 25 மி.மீ. கணக்கையே கொடுக்கிறார்கள். உங்கள் அளவு இதற்குள் வந்தால் உயரத்தின் மேல் சந்தேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு இஞ்ச் மேலே, மூன்று இஞ்ச் கீழே என்று வந்தால் கீழே சொல்லியிருக்கும் பாதிக் கோளாறுகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

படகின் அடியில் நடுவே நீளவாக்கில் துருத்தி நிற்கும் கீல் பின்பலகை வரை நீண்டிருந்தால் இரண்டு அளவும் எடுங்கள்: கீலின் அடியிலிருந்து ஒன்று, கீலுக்குப் பக்கத்தில் படகின் உடம்பிலிருந்து ஒன்று. இது ஏன் என்று பின்னால் வரும்.

மோட்டாரின் நீளத்தையும் சரிபார்த்துவிடுங்கள். 15 இஞ்ச் (381 மி.மீ.), 20 இஞ்ச் (508 மி.மீ.), 25 இஞ்ச் (635 மி.மீ.) என்று வகை பிரித்துச் சொல்வார்கள், ஆனால் இது பெயரளவுதான். எஸ், அதாவது ஷார்ட் என்று போட்டிருந்தும் 17 இஞ்ச் கிட்ட வரும் மோட்டார்கள் இருக்கின்றன. ஆகவே ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், பின்பலகையின் மேல்விளிம்பில் உட்காரும் இடத்திலிருந்து தட்டு வரை நீங்களே அளந்து பாருங்கள். பின்பலகை 17 இஞ்ச், மோட்டார் சரியாக 15 இஞ்ச் என்றால் தட்டு படகின் அடியை விட 2 இஞ்ச் மேலே தொங்குகிறது. அதே பலகையில் 20 இஞ்ச் மோட்டார் என்றால் 3 இஞ்ச் கீழே இழுபடுகிறது. இரண்டுமே தொல்லைதான், வெளியே தெரியும் விதம் மட்டும் வேறு.

முறுக்கினால் மோட்டார் அலறுகிறது, படகு முன்னே போகவில்லை

அலையில் ஏறி இறங்கும்போதும், சட்டென்று திருப்பும்போதும் சத்தம் திடீரென்று உயர்ந்து, வேகம் விழுந்து, திராட்டிலைக் குறைத்ததும் மறுபடி பிடித்துக்கொள்கிறது என்றால் புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது. உயரம் அதிகமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. அளவில் தட்டு அடிப்பாகத்தை விட மேலே இருந்தால் வேறு எதையும் தொடாமல் மோட்டாரை இறக்குங்கள்.

அளவு சரியாக இருந்தும் அலறினால் வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

புரொப்பல்லரின் நடுவே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறதா? இதைப் பார்க்க எளிய வழி உண்டு. புரொப்பல்லரின் பின்பக்கம், உள்வளையத்தையும் வெளி உடம்பையும் சேர்த்துக் குறுக்கே பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். காய்ந்ததும் நல்ல லோடில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் புஷ் போய்விட்டது, உயரத்தை எவ்வளவு மாற்றினாலும் பயன் இல்லை. புஷ் வழுக்கினால் நேர் ஓட்டத்திலும் வழுக்கும், திருப்பும்போது மட்டும் என்று இருக்காது. இந்த வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

புரொப்பல்லரின் நடுவழியாகப் புகை வெளியேறும் மோட்டார் என்றால், பின் முனையில் வெளிப்பக்கம் விரிந்த மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். மணலில் இடித்து அது உடைந்திருந்தால் வெளியேறும் புகையே திரும்ப இறக்கைகளுக்குள் வந்துவிடும். மேலிருந்து காற்று வந்தாலும் பின்னாலிருந்து புகை வந்தாலும் அறிகுறி ஒன்றுதான்.

இறக்கைகளின் முகத்தில் பொட்டுப் பொட்டாக அரித்த மாதிரி குழிகள் இருந்தால் அது வேறு கதை. இறக்கையின் விளிம்பு மடங்கியோ பிய்ந்தோ இருக்கும் இடத்தில் அழுத்தம் குறைந்து, தண்ணீரே ஆவிக் குமிழாகி, அந்தக் குமிழ் உடையும்போது உலோகத்தைத் தின்கிறது. இதற்கு மருந்து புரொப்பல்லரைச் சீர்செய்வது அல்லது மாற்றுவது.

அப்புறம் கீல். நம் ஃபைபர் படகுகளில் நான் ரொம்பச் சந்தேகப்படும் இடம் இதுதான். தடித்த கீல் பின்பலகை வரை வந்து சதுரமாக வெட்டினாற்போல் முடிந்தால், அதன் பின்னால் தண்ணீர் ஒழுங்காகச் சேராமல் கலங்கி, காற்றோடு சேர்ந்து நேராகப் புரொப்பல்லருக்குப் போகிறது. படகின் உடம்பிலிருந்து அளந்தால் தட்டு சரியான உயரத்தில் இருக்கும், கீலின் அடியிலிருந்து அளந்தால் மேலே இருக்கும். முன்பே இரண்டு அளவும் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். இப்படி இருந்தால் முதலில் தட்டு கீலின் அடி மட்டத்துக்கு வரும் வரை மோட்டாரை இறக்கிப் பாருங்கள். அதோடு, கீலின் கடைசிப் பகுதியைப் பின்னோக்கிப் படிப்படியாக மெலிந்து போகும்படி சீவி, மேலே கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் போட்டு மூடச் சொல்லுங்கள். யார்டுக்காரருக்கு இது பெரிய வேலை இல்லை, ஆனால் சீவிய இடத்தை மூடாமல் விட்டால் உள்ளே தண்ணீர் இறங்கும், அதை நின்று பார்த்து வாங்குங்கள்.

கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கம் பெரிய அலையில் எதிர்த்துப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். அணியம் (படகின் முன்பக்கம்) அலையில் இறங்கும்போது பின்பக்கம் தூக்கும், அப்போது எந்த மோட்டாரும் கொஞ்சம் காற்றிழுக்கும். அதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று மோட்டாரை இறக்கிக்கொண்டே போகாதீர்கள். 25 மி.மீ.க்குக் கீழே போயும் தீரவில்லை என்றால் திராட்டிலைக் குறைத்து ஓட்டுவதும், பின்னால் கொஞ்சம் எடை வைப்பதும்தான் சரி.

படகு கனமாகப் போகிறது, பின்னால் தண்ணீர் எகிறுகிறது

மோட்டார் தாழ்வாக இருந்தால் இப்படித்தான் இருக்கும். கியர் பாக்ஸுக்கு மேலே இருக்கும் நடுத்தண்டு தேவைக்கு மேல் தண்ணீருக்குள் இறங்கி அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. தண்ணீர் தண்டில் மோதி மேலே ஏறி பின்பலகைக்குள் தெறிக்கும், கைப்பிடி கனக்கும், வேகம் எட்டாது. மோட்டார் மட்டும் சுகமாகப் பிடித்து இழுக்கும், ஒரு தடவைகூட அலறாது. அதனால்தான் இந்தக் கோளாறு வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் எண்ணெயைத் தின்றுகொண்டே இருக்கும்.

இங்கே லேசான படகையும் கனமான படகையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சக்தி அதிகமான மோட்டாரும் லேசான உடம்பும் இருந்து, படகு எழும்பித் தண்ணீரின் மேல் வழுக்கி ஓடும் என்றால், முழு வேகத்தில் பின்னால் எட்டிப் பார்க்கும்போது தட்டு நீர்ப்பரப்பை ஒட்டித் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட படகில் அரை இஞ்ச் உயர்த்தினாலே வேகத்தில் வித்தியாசம் தெரியும். 9.9 குதிரைசக்தி மோட்டாரில் வலை, ஐஸ் பெட்டி, நான்கு ஆள் என்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும் படகில் தட்டு எப்போதும் மூழ்கித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து உயர்த்த வேண்டாம். அங்கே கரையில் எடுத்த அளவுதான் கணக்கு.

உயர்த்துவதாக இருந்தால் ஒரு தடவைக்கு 12 மி.மீ., அதாவது அரை இஞ்ச். அதே லோடு, அதே தூரம், நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுத்தாலும் கணக்கு சமமாகும்படி போக ஒரு தடவை வர ஒரு தடவை. செல்போன் ஜிபிஎஸ்ஸில் வேகத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு நல்ல வேகத்தில் ஒரு வளைவு அடித்துப் பாருங்கள். வளைவில் காற்றிழுக்க ஆரம்பிக்கும் வரை அரை அரை இஞ்சாக உயர்த்தி, ஆரம்பித்ததும் ஒரு படி கீழே இறக்கி அங்கேயே நிறுத்திவிடுங்கள். உயரத்தை மாற்றும் நாளில் புரொப்பல்லரையோ மோட்டாரின் சாய்வை நிறுத்தும் பின்னையோ (pin) தொடாதீர்கள், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும்.

அளவு சரியாக இருந்தும் முழுத் திராட்டிலில் சுற்று ஏறவில்லை என்றால் புரொப்பல்லர் அந்தப் படகுக்குப் பெரியது. பல இரண்டு-ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு முழு லோடில் நிமிஷத்துக்கு 4500 முதல் 5500 சுற்று வரை வர வேண்டும், உங்களுடையதற்குக் கையேட்டில் பாருங்கள். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேறும் கணக்கு, ஒரு இஞ்ச் குறைந்ததைப் போட்டால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும்.

பீச்சும் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது

மோட்டாரைக் குளிர்வித்துவிட்டு வெளியே பீச்சும் தண்ணீர் இது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சில நிமிஷங்களில் பிஸ்டன் பிடித்துவிடும். மெதுவாக ஓடும்போதே தண்ணீர் பலவீனமாக வந்தால் உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பீச்சும் துளையில் தடித்த நரம்புத் தூண்டில் கயிறை விட்டுக் குத்தி எடுங்கள், உப்பும் மணலும் அடைத்திருக்கும். அதற்கும் சரியாகாவிட்டால் தண்ணீர் பம்பின் இம்பெல்லரை மாற்றுங்கள். மெதுவாக ஓடும்போது நன்றாக வந்து, வேகம் எடுத்ததும் அல்லது திருப்பும்போது அறுந்து அறுந்து வந்தால் அப்போதுதான் உயரம். தண்ணீர் உள்ளே போகும் வழி கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கிறது, மோட்டார் மேலே இருந்தால் அது தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். மோட்டாரை வெளிப்பக்கம் அதிகமாகச் சாய்த்து வைத்திருந்தாலும் இதுவே நடக்கும்.

பாக் நீரிணைப் பக்கம், தொண்டி, மல்லிப்பட்டினம், அக்கரையில் மன்னார் என்று ஆழம் குறைந்த இடங்களில் ஓட்டுகிறவர்களுக்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. கடல்புல் அந்த வழியில் படிந்து அடைத்துவிடும். அங்கே மோட்டாரை மட்டத்துக்குச் சமமாக, அதற்குக் கீழே போகாமல் வைப்பதுதான் நல்லது. ஆழம் குறைந்த ஓட்டத்துக்கென்று மோட்டாரில் இருக்கும் பாதிச் சாய்வு நிலையைக் கரை ஒட்டி மெதுவாகப் போகும் நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அந்த நிலையில் முறுக்கினால் தண்ணீரும் கிடைக்காது, உந்துதலும் மேல்நோக்கிப் போய்விடும்.

வலை இழுக்கும் நேரத்தில், நின்று ஓடும்போது அணைந்துவிடுகிறது

நடுத்தண்டின் பின்பக்கம் மேலே ஒரு சிறிய துளை இருக்கும். மெதுவாக ஓடும்போது புகை அதன் வழியாகத்தான் வெளியே போகிறது. முழு லோடோடு படகு நிற்கும்போதும் அந்தத் துளை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். மூழ்கினால் புகை வெளியேற முடியாமல் மோட்டார் மூச்சுத் திணறி நின்றுவிடும், பின்னாலிருந்து ஒரு அலை அடித்தால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளேயும் ஏறலாம். வெறும் படகில் எல்லாம் சரியாக இருந்து, மீன் ஏறியதும் இந்தக் கோளாறு வந்தால் எடையை முன்னால் நகர்த்துங்கள், ஐஸ் பெட்டியை நடுவுக்குக் கொண்டுபோங்கள். அதன்பிறகும் மூழ்கினால்தான் மோட்டாரை உயர்த்துவது.

அணியம் வானத்தைப் பார்க்கிறது, அல்லது குதிரை மாதிரி குதிக்கிறது

இது உயரம் இல்லை, சாய்வு. மோட்டாரைப் பலகையில் பிடித்திருக்கும் பிராக்கெட்டில் உள்ள பின்னைப் படகுப் பக்கம் ஒரு துளை நகர்த்துங்கள். அணியம் தண்ணீரில் புதைந்து, கைப்பிடி கனத்து, படகு சறுக்குகிற மாதிரி இருந்தால் ஒரு துளை வெளியே.

கைப்பிடி ஒரு பக்கமாக இழுக்கிறது

தட்டுக்கு அடியில் சுக்கான் மாதிரி சின்னத் துடுப்பு ஒன்று சில மோட்டார்களில் இருக்கும். படகு இடப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை இடப்பக்கமும், வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கமும் கொஞ்சம் திருப்பி இறுக்குங்கள். என்ன திருப்பினாலும் கேட்கவில்லை என்றால் மோட்டார் அவ்வளவு மேலே இருக்கிறது, அந்தத் துடுப்புக்கே ஒழுங்காகத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு முதல் கோளாறுக்குத் திரும்பிப் போங்கள். மோட்டார் நடுக்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி மாட்டியிருந்தாலும் இழுக்கும்.

உயர்த்துவதும் இறக்குவதும்

உயர்த்துவது சுலபம் என்று ஒரு துண்டுக் கட்டையைப் பலகைக்கு மேல் வைத்து அதன்மேல் மோட்டாரை உட்கார வைக்கிறார்கள். சோதித்துப் பார்க்க ஒரு தடவை, கரையோரம், மெதுவாக என்றால் சரி. அப்படியே கடலுக்குப் போவது ஆபத்து, அதிர்வில் கட்டை நகர்ந்தால் கிளாம்ப் தளர்ந்து மோட்டார் கடலுக்குள் போய்விடும். உயரம் முடிவானதும் நல்ல மரைன் பிளைவுட்டைப் பலகையோடு ஒட்டி, சுற்றிலும் மேட்டும் ரெசினும் போட்டு ஒரே உடம்பாக்கிவிடுங்கள். கிளாம்ப் திருகின் முகம் முழுவதும் பலகையில் பதிய வேண்டும், விளிம்பில் பாதி தொங்கக் கூடாது. பெரிய மோட்டாருக்குக் கிளாம்ப் மட்டும் போதாது, பலகையைத் துளைத்து ஸ்டெய்ன்லெஸ் போல்ட் போட வேண்டும். பெரிய மோட்டார்களின் பிராக்கெட்டில் 19 மி.மீ. இடைவெளியில் அடுத்தடுத்துத் துளைகள் இருப்பதால், புதிதாகத் துளைக்காமலே ஒரு துளை மாற்றி உயர்த்தலாம். மோட்டாரையும் படகையும் சேர்த்து ஒரு கெட்டியான கயிறோ சங்கிலியோ கட்டியிருப்பது எந்த மோட்டாருக்கும் கட்டாயம்.

இறக்குவதற்குப் பலகையை வெட்ட வேண்டும், அதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். வெட்டிய அளவுக்குப் பின்னாலிருந்து அலை உள்ளே ஏற வழி கிடைக்கிறது. வெட்டிய விளிம்பில் உள்ளே இருக்கும் பிளைவுட் திறந்துவிடும், ரெசின் போட்டு மூடாவிட்டால் ஊறி அழுகும். இரண்டு இஞ்சுக்கு மேல் இறக்க வேண்டி வந்தால் பலகையை விட்டுவிட்டு நீளத் தண்டு மோட்டாருக்கு மாற்றிக்கொள்வதே நல்லது, கைமாற்றுச் சந்தையில் இரண்டு நீளமும் கிடைக்கும். எந்த வேலைக்கும் முன்னால் பலகையை ஒரு மரச்சுத்தியால் தட்டிப் பாருங்கள். டங் என்று கெட்டியாகக் கேட்காமல் பொத்பொத்தென்று கேட்டால் உள்ளே அழுகியிருக்கிறது, அந்தப் பலகையில் எந்த உயரத்தில் மாட்டினாலும் மோட்டார் நிற்காது.

ஸ்டெர்ன்டிரைவ் என்றால்

இன்ஜின் படகுக்குள்ளும் டிரைவ் வெளியேயும் இருக்கும் மெர்க்குரூசர், வோல்வோ பென்டா வகை வேகப்படகுகளிலும் தட்டை அளக்கும் முறையும் காற்றிழுக்கும் அறிகுறியும் இதேதான். ஆனால் அங்கே உயரத்தை முடிவு செய்வது பின்பலகையில் வெட்டிய ஓட்டை. இன்ஜினின் கிராங்க் நடுக்கோடும் டிரைவுக்குள் போகும் தண்டும் ஒரே நேரில் இருக்க வேண்டும், அதனால் இன்ஜின் மவுண்டுகளின் நட்டைத் திருகி உயரத்தைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த நட்டு நேர்பிடிக்க மட்டும்தான். அதைத் திருகிவிட்டு நேர் பார்க்கும் அலைன்மென்ட் பார் போட்டுப் பார்க்காமல் ஓட்டினால், தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கும் அதை இன்ஜினோடு இணைக்கும் கப்ளரும் போய்விடும். அந்தப் படகில் காற்றிழுத்தால் டிரிம் (டிரைவின் சாய்வு) அளவுக்கு மேல் வெளியே போகிறதா, புரொப்பல்லர் விளிம்பு உடைந்திருக்கிறதா, கீலோ வேகமானி சென்சாரோ டிரைவுக்கு நேர் முன்னால் இருக்கிறதா என்று இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகுதான், ஓட்டையை மூடி மறுபடி வெட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும், அதுவும் வரைபடத்தோடு வரும் யார்டில் மட்டும்.

உயரம் சரியானதும் பிராக்கெட்டின் அடிவிளிம்பு பலகையில் எங்கே நிற்கிறதோ அங்கே ஆணியால் ஒரு கோடு கீறி, மேலே பெயின்ட் தடவிவிடுங்கள். முதல் சில ஓட்டத்துக்கு ஒவ்வொரு தடவையும் கரை திரும்பியதும் போல்ட்டையும் கிளாம்பையும் இறுக்கிப் பாருங்கள். கோட்டை விட்டு பிராக்கெட் நகர்ந்திருந்தால் பலகை அமுங்குகிறது, உள்பக்கம் அலுமினியத் தகடு வைத்து இறுக்க வேண்டும்.